கோப்புக்கு ஆள் உண்டு, குழந்தைக்கு?
அமெரிக்கக் குழந்தை நலத்துறை: ஆள்பற்றாக்குறையின் அரசியல்

ஒரு சட்டம் கட்டளை இடும்போதே அதைச் செய்துமுடிக்க ஓர் ஆள் இருப்பதாக அனுமானித்துக் கொள்கிறது. அந்த ஆளுக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்கிற கேள்வி சட்ட வாசகத்துக்குள் வருவதில்லை. அமெரிக்காவில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களில் வைக்கப்படும் குழந்தைகளின் வரலாற்றை இந்த விடுபட்ட கேள்வியிலிருந்து வாசிக்கலாம்.

1974ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை வதை குறித்துப் புகார் பெறும் ஏற்பாட்டை மத்திய அரசின் நிதியோடு பிணைத்தது. 1976இல் ஏறக்குறைய 6.7 லட்சமாக இருந்த புகார்க் கணக்கு 1990களின் நடுவில் 30 லட்சத்தை எட்டியது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்துபூர்வமான திட்டம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனை, குடும்பத்தைப் பிரிக்காமலிருக்க ‘நியாயமான முயற்சி’ ஆகியவற்றைக் கேட்டது. 1997ஆம் ஆண்டுச் சட்டமோ, 22 மாதங்களில் 15 மாதம் ஒரு குழந்தை வெளியே இருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, பெற்றோரின் உரிமையை ரத்து செய்ய வழக்குப் போடச் சொன்னது. திட்டத்தை யார் எழுதுவாங்க? கோர்ட்டுக்கு யார் போவாங்க? குழந்தையை யார் நேரில் போய்ப் பார்ப்பாங்க? மூன்றுக்கும் ஒரே களப்பணியாளர்தான்.

இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குத் தலைநகர் வாஷிங்டனே சாட்சி. 1989இல் குழந்தைகளின் சார்பில் நகர நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1991இல் நீதிபதி தாமஸ் ஹோகன் நிர்வாகம் சட்டத்தையும் அரசியல் சாசனத்தையும் மீறியதாகத் தீர்ப்பளித்தார். ஒரு பணியாளரிடம் இத்தனை வழக்குகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது நீதிமன்ற ஆணைக்குள் வந்தது. நிலைமை மாறவில்லை. 1995இல் துறை முழுவதையும் நகர நிர்வாகத்திடமிருந்து பிடுங்கி, நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. 2001இல்தான் துறை திரும்பக் கிடைத்தது. வழக்கு முடிய 2021 ஆயிற்று. வழக்குத் தொடுத்தபோது கைக்குழந்தையாக இருந்தவருக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருக்கும்.

வாஷிங்டன் விதிவிலக்கல்ல. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் நாடு தழுவிய ஓர் அறிக்கை தந்தது. ஒருவருக்கு 12 முதல் 15 குழந்தைகள் என்பது அமெரிக்கக் குழந்தை நலக் கழகத்தின் அளவுகோல். நடைமுறையிலோ சராசரி 24 முதல் 31. சில இடங்களில் நூறுக்கும் மேல். பணியாளர்கள் சராசரியாக இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. மில்வாக்கியில் நடந்த ஆய்வொன்றில், ஒரே பணியாளரிடம் இருந்த குழந்தைகளில் 74.5 சதவீதம் நிரந்தர வீடு கண்டார்கள். இருவர் கைமாறியவர்களில் 17.5 சதவீதம். நீண்ட காலம் சிக்கிக்கொண்ட குழந்தைக்குப் பணியாளர் மாறுவதும் இயல்புதான் என்று வாதிடலாம். அப்படியே கழித்துப் பார்த்தாலும் அந்த இடைவெளி லேசானதல்ல.

இங்கே அதிகாரத்தின் ஒரு தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். தணிக்கை செய்பவர் பார்ப்பது கோப்பை. ஆள் குறையும்போது, பார்க்கப்படும் வேலையே முதலில் நடக்கிறது; படிவம் நிரம்புகிறது, வீட்டுக்குப் போவது தள்ளிப்போகிறது. தவறு வெளியே தெரிந்தால் இன்னொரு படிவம் சேர்கிறது. ‘இணங்கி நடத்தல்’ என்பது துறை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடாக உருமாறிவிடுகிறது.

எனில், ஆட்களைக் கூட்டினால் போதுமா? குடும்பத்தைக் காவல் செய்யும் கருவியாகவே சமூகப்பணி வளர்ந்தது என்று பிரான்சில் ழாக் தொன்ஸெலோ எழுதினார். அமெரிக்காவில் டோரதி ராபர்ட்ஸ் இதே துறை கறுப்பினக் குடும்பங்களை எப்படிச் சிதைக்கிறது என்று காட்டினார். பிரிக்கப்படும் குழந்தைகளின் வழக்குகளில் பெரும்பங்கு அடி உதை அல்ல, ‘புறக்கணிப்பு’. அதில் பலவும் வறுமையின் மறுபெயர். கூடுதல் ஆள் கூடுதல் கண்காணிப்பாக முடியும் என்ற அச்சம் பொய்யில்லை.

ஆனால் இந்த விமர்சனத்தை, செலவைக் குறைக்க விரும்பும் அரசு கைதட்டி வரவேற்கும் என்பதையும் மறக்கலாகாது. ஆளில்லாத துறை கண்காணிப்பை விட்டுவிடுவதில்லை. பிரிப்பதற்கு ஒரு நாள் போதும். மீண்டும் சேர்க்க மாதக்கணக்கில் ஆள் வேண்டும். பற்றாக்குறையில் முதலில் சாவது இந்த இரண்டாவது வேலைதான். ஆகவே பணியிட எண்ணிக்கையை நிர்வாகச் சமாச்சாரமென்று அதிகாரிகளிடம் விட்டுவிட முடியாது. எத்தனை ஆள் என்பதோடு, பிரிக்கவா சேர்க்கவா என்பதையும் சேர்த்தே கேட்டாக வேண்டும்.