இருளில் முடியும் பாட்டு: சங்கீதம் 88, 89 குறித்து

துக்க வீட்டில் நம் போதகர்கள் 23ஆம் சங்கீதத்தை வாசிப்பார்கள். அடக்க ஆராதனையில் 90ஐ வாசிப்பார்கள். 88ஐ வாசித்து நான் கேட்டதில்லை. காரணம் தெரிந்ததே. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல் ‘இருள்’. அதற்குப் பின் ஆறுதலாக ஓர் அடிகூட இல்லை. ஆனால் சங்கீதப் புத்தகம் தரும் பலம் எது, அது காட்டும் கடவுள் எத்தகையவர் என்ற இரு கேள்விகளுக்கும் விடையை இந்தப் பாட்டில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

ஹெர்மன் குங்கல் 1926இல் வெளியிட்ட சங்கீத உரை, முறையீட்டுப் பாட்டுக்கென ஒரு வடிவம் உண்டு என்று காட்டியது: கடவுளை அழைத்தல், துன்பத்தைச் சொல்லல், வேண்டல், நம்பிக்கையை அறிக்கையிடல், துதிப்பதாகப் பொருத்தனை செய்தல். 22ஆம் சங்கீதம் பாதி வழியில் அழுகையிலிருந்து துதிக்குத் திரும்புவது இவ்வடிவத்துக்கு நல்ல சான்று. அந்தத் திருப்பத்துக்கு முன் ஆசாரியர் ஒருவர் தேறுதல் வாக்கு உரைத்திருப்பார் என்று யோவாகிம் பெக்ரிஹ் 1934இல் விளக்கம் தந்தார். 88இல் அப்படி எந்த வாக்கும் வந்த அடையாளம் இல்லை. பொருத்தனையும் இல்லை. பாவ அறிக்கை இல்லை. முறையீடுகளில் வழக்கமாக வரும் பகைவர்கூட இல்லை. குழியில் தள்ளியதும், அலைகளால் அழுத்தியதும், அறிமுகமானவர்களைத் தூரமாக்கியதும் யார்? 6 முதல் 8 வரையுள்ள வசனங்கள் அத்தனைக்கும் ‘நீர்’ என்ற ஒரே எழுவாயையே வைக்கின்றன.

அந்த ‘நீர்’ என்ற சொல்லில்தான் இப்பாட்டின் உயிர் இருக்கிறது. பாடுபவர் கடவுளைப் பற்றி அயலாரிடம் பேசவில்லை; முதல் வசனம் முதல் கடைசி வரை அவரிடமே பேசுகிறார். யோபுவின் நண்பர்கள் செய்யத் தவறியது இதுவே. கர்த்தரின் பெயர் நான்கு முறை வருகிறது. 1, 9, 13ஆம் வசனங்களில் மூன்று முறை கூப்பிடுகிறார். மூன்றுக்கும் எபிரேயத்தில் வெவ்வேறு வினைச்சொற்கள். பதில் வராத இடத்தில் அழைப்பை மட்டும் அவர் நிறுத்தவில்லை. பலம் என்று நான் சொல்வது இதைத்தான். மனம் அமைதி அடைவதற்கு முன்பே, அடையாமலேகூட, இது இருக்க முடியும்.

முதல் வசனத்தில் ‘இரட்சிப்பு’ என்ற சொல் நிற்கிறது. இவ்வளவு இருண்ட பாட்டுக்கு அது பொருந்தவில்லை என்று கருதிய சில அறிஞர்கள், எபிரேய எழுத்துகளைச் சற்றே திருத்தி ‘உதவி கேட்டுக் கதறுகிறேன்’ என்று படித்தார்கள். 1952இல் வந்த ஆங்கிலத் திருத்திய மொழிபெயர்ப்பும் அவ்வாறே படித்தது. இதை என்னால் ஏற்க இயலவில்லை. இரட்சிப்பவர் என்று அறிந்த ஒருவரிடம்தானே ‘ஏன் இரட்சிக்கவில்லை’ என்று வழக்காட முடியும்?

10 முதல் 12 வரையுள்ள வசனங்களில் அந்த வழக்கு கூர்மையாகிறது. இறந்தோர் கடவுளைத் துதிப்பதில்லை என்பது பழைய இஸ்ரவேலின் நம்பிக்கை. 6, 30, 115ஆம் சங்கீதங்களிலும் அது உண்டு. ஆகவே பாடுபவர் கேட்கிறார்: நான் குழிக்குள் போய்விட்டால் உமது ‘ஹெசெத்’தையும் ‘எமுனா’வையும் எடுத்துச் சொல்ல யார் இருப்பார்? ஹெசெத் என்பதைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு கிருபை என்றும், 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியம் பேரன்பு என்றும் தருகின்றன. எமுனா என்பது சொன்ன சொல் தவறாத உண்மை. தன் சாவு கடவுளுக்கும் இழப்பே என்கிறார் அவர். இப்படி வாதாட இடம் கொடுக்கும் கடவுளையே இப்பாட்டு நமக்கு அறிமுகம் செய்கிறது.

இனி அடுத்த பாட்டைத் திறந்தால் வியப்பு காத்திருக்கிறது. 89ஆம் சங்கீதத்தின் முதல் வசனமே ஹெசெத்தையும் எமுனாவையும் பாடித் தொடங்குகிறது. பாட்டு முழுவதிலும் அச்சொற்கள் ஒவ்வொன்றும் ஏழு முறை வருகின்றன. 88 ஏமானின் பெயரிலும் 89 ஏத்தானின் பெயரிலும் உள்ளன, இருவரும் எஸ்ராகியர். தலைப்பு ஒத்திருந்ததால் மட்டுமே அருகருகே வைத்தார்கள் என்று ஒருவர் சொல்லலாம். அதை முற்றாக மறுக்க முடியாது. ஆயினும் ‘ஏன் என்னைத் தள்ளிவிடுகிறீர்’ என்று 88:14இல் கேட்ட அதே வினைச்சொல், 89:38இல் தாவீதின் அரசு வீழ்ந்ததைச் சொல்ல மறுபடி வருகிறது. தனி ஒருவரின் துயரமும் ஒரு தேசத்தின் துயரமும் ஒரே சொல்லால் முறையிடப்படுகின்றன. 49ஆம் வசனம், முன்னாளின் ஹெசெத் எங்கே என்று கேட்கிறது.

கத்தோலிக்க வேளைச் செபத்தில் வெள்ளிக்கிழமை இரவுக்கு 88ஐ வைத்தவர்கள், பதில் வராவிட்டாலும் அழைப்பு நிற்பதில்லை என்பதை உணர்ந்தே வைத்தார்கள் என்று நினைக்கிறேன். செபிப்பவர்கள் உறங்கப் போகும் முன் அதை இருளோடு முடித்துவிட்டுப் படுக்கிறார்கள். விடிந்ததும் மறுபடி செபிக்க எழுகிறார்கள்.

சங்கீதப் புத்தகத்தின் மூன்றாம் பாகம் 89ஓடு முடிகிறது. அதன் கடைசி வசனம் தொகுத்தவர்கள் சேர்த்த துதி. ‘எங்கே’ என்ற கேள்விக்கு விடை ஒன்றை எழுதிச் சேர்க்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது. அவர்கள் கேள்வியை அப்படியே விட்டு, அதன் கீழே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி, இரண்டு முறை ‘ஆமென்’ என்று எழுதினார்கள்.