மைனரின் இடப்பக்கக் கண்ணாடி

நம் ஊர்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மொரிஸ் மைனர் கார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முன்னால் ஒன்று நிற்கும். கலியாண வீட்டுக்கு ஒன்று பூச்சரம் கட்டி வரும். அடுத்த முறை காணும்போது அதன் இடப்பக்கக் கதவைக் கவனியுங்கள். அனேகமாக அங்கே கண்ணாடி இருக்காது. சிலவற்றில் வலப்பக்கத்திலும் இருக்காது. உடைந்து விழுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். கார் பிறந்ததே அப்படித்தான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர், 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் வெளியானது. மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு அது ஒடுக்கமாகத் தெரிந்ததாம். நடுவால் அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தச் சொன்னார். பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் காரும் இதுதான். இவ்வளவு யோசித்துச் செய்த காரில் பின்னால் பார்ப்பதற்கு உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி மட்டும். வெளியே வேண்டுமென்றால் கடையில் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். திரும்பப் போவதைச் சொல்லவும் 1961 வரை கதவுக்குப் பின்னால் உள்ள தூணிலிருந்து ஒரு சிறு கைதான் எழும்பியது. வயதானவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

சட்டமும் கேட்கவில்லை. பிரித்தானியாவில் 1978 ஜூன் 1க்கு முன் பாவனைக்கு வந்த காருக்கு ஒரு கண்ணாடி போதும். அதற்குப் பிந்தியவற்றுக்கு இரண்டு வேண்டும் என்றார்கள். அப்போதும் வெளியே கட்டாயமானது சாரதியின் பக்கம் மட்டுமே. உள்ளே ஒன்று இருந்தால் மற்றப் பக்கத்தை வெறுமையாக விடலாம். அமெரிக்கர்களும் 1968இல் சாரதியின் பக்கத்தைத்தான் முதலில் கட்டாயமாக்கினார்கள். பயணியின் பக்கம் எங்குமே பிந்தித்தான் வந்து சேர்ந்தது.

பின்னால் பார்க்கும் கண்ணாடி என்றதும் 1911இல் முதலாவது இண்டியானாபொலிஸ் 500 ஓட்டத்தை வென்ற ரே ஹரூனின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு இரண்டு வருடம் முன்பே, 1909இல், டொரதி லெவிட் என்ற ஆங்கிலேயப் பெண் சாரதி, கார் ஓட்டும் பெண்கள் ஒரு கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, வேண்டும்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் பார்க்கலாம் என்று புத்தகத்தில் எழுதிவிட்டார். அவரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

இனி நம் பக்கம். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது, கார் இறக்குமதி இறுகியது, 1977 வரை பெரிதாக இளகவில்லை. ஆகவே இருந்த மைனரும் ஒஸ்டினும் பெருநாளைக்கும் பிரசவத்துக்கும் ஹயருக்கும் ஓடின. பாஸ்மார் பழுது பார்த்துப் பார்த்தே அவற்றை வாழ வைத்தார்கள். அன்றைய வீதியில் இடப்பக்கம் என்றால் சைக்கிளும் மாட்டு வண்டியும். அவற்றை நாம்தான் முந்துவோம், அவை நம்மை முந்துவதில்லை. இடப்பக்கக் கண்ணாடி இல்லாததை யாரும் குறையாக நினைக்காததில் வியப்பில்லை.

1977க்குப் பின் வீதி மாறியது. ஜப்பான் கார்கள் வந்தன. பாவித்த கார்களாக வந்த சிலவற்றில் கண்ணாடி கதவில் இருக்காது, முன் மட்காட்டின் மேல் கொம்பு போல நிற்கும். 1983 வரை ஜப்பானில் அதுதான் விதி. பிறகு த்ரீவீலரும் மோட்டார் சைக்கிளும் பெருகின. இன்று காருக்கும் வீதியோரக் கானுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்தாலும் அதற்குள் ஒரு சைக்கிள்காரர் நுழைந்துவிடுவார்.

பாடசாலை வாசலில் நாம் தினமும் பார்ப்பது இதைத்தான். பிள்ளை இறங்குவது இடப்பக்கத்தால். கதவு திறக்கும் நேரத்தில் பின்னால் மோட்டார் சைக்கிள் வருகிறதா என்று மைனர்காரர் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார். பின் ஆசனத்தில் மூன்று பிள்ளைகளும் மூன்று புத்தகப் பைகளும் இருந்தால் எதைப் பார்ப்பது? நல்ல சாரதிக்கும் அங்கே கண் தெரியாது.

“வாப்பா வைத்துவிட்டுப் போன கார், கதவில் ஓட்டை போட மனம் வரவில்லை” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மனம் நமக்கு விளங்குகிறது. ஆனால் ‘ஒரிஜினல்’ என்ற வாதத்தை முழுதாக ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களுக்கென்றே நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயார், இந்தக் காரைக் காலத்துக்கேற்ப மேம்படுத்தித் தினமும் ஓட்ட வேண்டும் என்று வாதிட்டவர். அவரே இலங்கையருடன் கூட்டுச் சேர்ந்து இங்கே மைனர் பாகங்கள் செய்வித்து, அங்கே கொண்டுபோய்ப் பூட்டினார். மைனர் பிறந்த நாட்டின் கார்களிலேயே நம் நாட்டுத் தகடு ஏறியிருக்க, நம் கதவில் ஒரு கண்ணாடி ஏறினால் என்ன கெட்டுவிடும்? ஓட்டையே வேண்டாம் என்பவர்களுக்குக் கதவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கண்ணாடியும் உண்டு. கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.

எந்தக் கண்ணாடி என்பது அடுத்த கேள்வி. தரம் எட்டுப் பிள்ளையும் சொல்லும்: தளவாடியில் விம்பம் உள்ளபடி தெரியும், குவிவாடியில் சிறுத்துத் தெரியும், ஆனால் பரப்புக் கூடும். சாரதியின் பக்கம் கண்ணாடி கிட்ட இருப்பதால் தளவாடி போதும். இடப்பக்கம் கண்ணிலிருந்து தூரம், தளவாடி வைத்தால் வீதியில் ஒரு கீற்றுத்தான் தெரியும். ஆகவே அங்கே குவிவாடி. ஆனால் அதில் தூரத்தில் தெரியும் சைக்கிள் உண்மையில் கிட்ட நிற்கும். அமெரிக்காவில் அந்த எச்சரிக்கையைக் கண்ணாடியிலேயே எழுத வேண்டும் என்பது சட்டம்.

பஞ்சிகாவத்தையில் வாங்கி வந்த கையோடு துளை போடக் கொடுக்காதீர்கள். மைனரில் முன் முக்கோணக் கண்ணாடியின் சட்டம் பார்வையை மறைக்கும். நீங்கள் வழக்கமாக அமரும்படி ஆசனத்தில் இருந்துகொண்டு, வேறொருவரைக் கதவருகே கண்ணாடியைப் பிடித்து முன்பின் நகர்த்தச் சொல்லுங்கள். பின்னால் வரும் சைக்கிள் முழுதாகத் தெரியும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள். கதவின் உட்பலகையைக் கழற்றி, யன்னல் கண்ணாடியை அடிமட்டும் இறக்கி, ஆணி அதில் முட்டாது என்று உறுதி செய்யுங்கள். தகடு மெல்லியது, உள்ளே ஒரு துண்டு இரும்புத் தகடு முட்டுக் கொடுக்க வேண்டும். துளையின் விளிம்புக்குப் பெயின்ட் பூசி, ரப்பர் வைத்து இறுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாரியோடு கதவில் கறள் தொடங்கிவிடும்.