வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே பாட்டு

‘ஹவுண்ட் டாக்’ என்றால் எல்விஸ் பிரெஸ்லி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவருக்கு முன்பே அதைப் பாடிய கறுப்பினப் பெண்ணின் குரலைக் கேட்கும்வரை.

அவர் பெயர் வில்லி மே தார்ன்டன். மேடையில் ‘பிக் மாமா’. அலபாமாக்காரர். பதினாலு வயசிலேயே ஆட்டக் குழுவோடு ஊர் ஊராகக் கிளம்பியவர். 1952 ஆகஸ்ட் 13 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். எழுதியவர்கள் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற பத்தொன்பது வயசு யூதப் பையன்கள். தார்ன்டன் பாடுவதைப் பார்த்துவிட்டு அவருக்கென்றே கால்மணி நேரத்தில் எழுதினார்கள். உட்கார்ந்து தின்கிற ஆம்பளையை ஒரு பொம்பளை வீட்டை விட்டு விரட்டுகிற பாட்டு. நாய் என்பது அந்த ஆம்பளைதான். தாளில் இருந்தது வரிகள் மட்டுமே. நடுவில் வருகிற பேச்சும் கூப்பாடும் தன்னுடையவை என்று தார்ன்டன் பிறகு சொன்னார். எங்க பெரியம்மா நடவு வயலில் போடுற சத்தம் மாதிரியே இருந்தது எனக்கு. தாளில் உள்ள வரிக்கு உரிமை உண்டு. அந்தச் சத்தத்துக்கு?

1953இல் தட்டு வெளிவந்தது. ஏழு வாரம் முதலிடம். எந்தப் பட்டியலில் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் ‘பில்போர்ட்’ பத்திரிகை கறுப்பர் இசைக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தது. 1945இல் அதன் பெயர் ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’. 1949இல் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ என்று மாற்றினார்கள். சேரிக்குக் காலனின்னு பேர் வச்ச கதைதான். வேலி அப்படியே இருந்தது. பாப் பட்டியலுக்குள் தார்ன்டனின் தட்டு நுழையவே இல்லை.

1956இல் எல்விஸ் பாடினார். அவர் கேட்டது லாஸ் வேகாஸில் ஒரு வெள்ளையர் குழு வரிகளை மாற்றிப் பாடியது. அதில் ஆம்பளை காணாமல் போயிருந்தான். வேட்டைக்கு உதவாத நிஜ நாய்தான் மிச்சம். பெண்ணின் கோபம் வேடிக்கையாகிவிட்டது. அந்தத் தட்டு பாப் பட்டியலில் பதினோரு வாரம் முதலிடம். கறுப்பர் பட்டியலிலும் முதலிடம். ஊர்க்காரர் சேரிக்குள் வரலாம், சேரிக்காரர் ஊருக்குள் போக முடியாது. வேலியின் கதவு அப்படித்தான் திறந்தது.

வெள்ளைக்காரன் திருடினான் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் தார்ன்டனின் தட்டை வெளியிட்ட பீகாக் கம்பெனியின் முதலாளி டான் ராபி கறுப்பர். லட்சக்கணக்கில் விற்ற அந்தப் பாட்டுக்குத் தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்றார் தார்ன்டன். முதலாளி நம்மாளு என்பதால் மட்டும் கூலி ஒழுங்காக வந்துவிடாது. இதை நாம் பேசியாக வேண்டும்.

1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியில் தார்ன்டன் இறந்துகிடந்தார். வயசு 57. ‘ராக் அண்ட் ரோல்’ புகழ்மண்டபம் எல்விஸை 1986இலேயே, முதல் வரிசையில் சேர்த்தது. தார்ன்டனைச் சேர்த்தது 2024இல்.

இதை எழுதுகிற நான் யார்? எம்.ஏ. படிக்கிறபோது பெரியம்மாவின் ஒப்பாரியை செல்போனில் பதிவு செய்து ஆய்வேட்டில் சேர்த்தேன். மார்க் வாங்கினேன். அட்டையில் என் பேர் இருக்கு. உள்ளே எங்கேயும் அவங்க பேர் இல்ல.