நெட்டித் தொப்பி முதல் நழுவும் உள்ளுறை வரை: மலையகச் சரிவிலிருந்து சைக்கிள் தலைக்கவச வரலாறு

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அட்டன் அதைவிட ஏறக்குறைய 600 மீட்டர் கீழே. நானுஓயா, தலவாக்கலை வழியாகத் தேயிலை மலைகளைச் சுற்றிச் செல்லும் பாதையில் சைக்கிளில் இறங்கும் ஒருவர் விழுந்தால் அவருடைய தலைக்கு என்ன நேரும்? இந்தக் கேள்வியோடு தலைக்கவசத்தின் வரலாற்றைப் படித்தால், மேலோடு எவ்வளவு கெட்டி என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. உள்ளே நசுங்குவது எது, நழுவுவது எது என்பதே அந்த வரலாற்றின் மையம்.

தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, மலையகம் தேயிலைக்கு மாறியது. அந்தக் காலத் துரைமார் வெயிலுக்கு அணிந்தது நெட்டித் தொப்பி. நெட்டி நீர்நிலைகளில் வளரும் செடி. அதன் தண்டின் வெண்சோறு மிக இலேசானது. மாட்டுப் பொங்கலன்று கட்டும் நெட்டி மாலையும், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலையும் அதிலிருந்து வருபவைதான். 1880-களில் பெருஞ்சக்கர சைக்கிள் ஓட்டியவர்களில் சிலர் தலையைக் காக்க அணிந்ததும் இதே வகைத் தொப்பியைத்தான். அது ஒரே அடியில் நொறுங்கும். ஆனால் நொறுங்கும்போது அடியின் ஆற்றலில் ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். பிற்கால அறிவியல் வந்துசேர்ந்த இடமும் அதுதான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரைக்கு எதிரே நின்ற தொழிலாளிக்கு மழைக்குக் கிடைத்தது கம்பளி. கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தாங்கியது பெண்ணின் வெறும் தலை. யாருடைய தலையைக் காக்க வேண்டும் என்று அந்தக் காலம் எண்ணியது என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றை எழுத முடியாது.

பந்தய வீரர்கள் பின்னர் அணிந்த தோல் பட்டைக் கவசங்கள் சிராய்ப்பைத் தடுத்தன. பலத்த அடியைத் தடுக்கவில்லை. 1935 மே மாதம் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற டி. ஈ. லாரன்ஸ், சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாமலிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கியெறியப்பட்டார்; ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான நரம்பியல் அறுவை மருத்துவர் ஹியூ கெய்ர்ன்ஸ், 1941-இல் தலைக்கவசத்தின் பயனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் ஹோல்போர்ன் 1943-இல் இன்னும் ஆழமாகச் சென்றார். மூளை எளிதில் அமுங்காது, ஆனால் எளிதில் முறுக்கிக் கிழியும்; ஆகவே தலை திடீரெனச் சுழல்வதே பெரும் ஆபத்து என்று ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு காட்டினார். என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு இதுவே. மிக நீண்ட காலம் வடிவமைப்புக்குள் வராமல் கிடந்ததும் இதுவே.

1975-இல் பெல் நிறுவனம் கெட்டி ஓட்டுக்குள் பாலிஸ்டைரீன் நுரையை வைத்துச் சைக்கிளுக்கென்றே கவசம் கொண்டுவந்தது. நுரை நசுங்கும்போது தலை நிற்பதற்குச் சில மில்லி விநாடிகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. நசுங்கிய நுரை மீளாது. அதனால்தான் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுபடி அணியக் கூடாது. 1980-களின் பிற்பகுதியில் எடையைக் குறைக்க மேலோட்டை நீக்கி, நுரைமேல் துணி மட்டும் போர்த்தினார்கள். அது சாலையைப் பற்றி இழுத்துத் தலையைத் திருப்பிவிடும் என்ற கவலை எழுந்தது. மெல்லிய வழவழப்பான ஓடு திரும்பி வந்தது.

1997-இல் வந்த ஐரோப்பியத் தரம் இஎன் 1078, கவசத்தை விநாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டைப் பரப்பில் நேராக விழவைத்தது. தலையின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது என்றது. சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. இங்கேதான் மலையகச் சரிவு வேறொரு கேள்வியைக் கேட்கிறது. தலை தரையைச் செங்குத்தாக அடிக்கும் வேகத்தைப் பெரும்பாலும் விழும் உயரமே தீர்மானிக்கிறது. அது சமவெளியிலும் சரிவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்கத்தில் கூடுவது முன்னோக்கிய வேகம். அந்த வேகம் கவசத்தைச் சாலையோடு உராய்த்துத் தலையைச் சுழற்றுகிறது. நேராக விழவைக்கும் சோதனை அதை அளப்பதில்லை.

சுவீடனில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்டும் ஆய்வாளர் பீட்டர் ஹால்டினும் 1990-களில் தொடங்கிய பணி இந்த இடைவெளியைத்தான் நிரப்ப முனைந்தது. தலைக்கும் நுரைக்கும் இடையே உராய்வு குறைந்த உறை ஒன்று. சாய்வாக அடிபடும்போது கவசம் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நழுவித் திரும்பும். ‘மிப்ஸ்’ என்று விற்பனையாகும் இந்த உறை ஆய்வகத்தில் சுழற்சியைக் குறைக்கிறது. எவ்வளவு என்பது கவசத்துக்குக் கவசம் மாறுகிறது. சாதாரணக் கவசமும் வீணல்ல. ஒலிவியர், கிரெய்ட்டன் ஆகியோர் 2016-இல் 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைந்திருந்தது.

கண்டியிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீட்டருக்கு நீளும் பெக்கோ பாதை இன்று தோட்டங்களின் ஊடாக நடப்பவர்களையும் சைக்கிள் ஓட்டுபவர்களையும் அழைத்து வருகிறது. அவர்களுக்கு வழிகாட்டும் இளைஞர்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களிலிருந்தும் வருகிறார்கள். வாடகைக்கு விடும் ஒவ்வொரு சைக்கிளோடும் நல்ல கவசம் கொடுக்கப்பட வேண்டும். வழிகாட்டிக்கும் அதே தரத்தில் கொடுக்கப்பட வேண்டும். இலங்கையில் சைக்கிள் கவசத்துக்குத் தரம் வகுப்பவர்கள், நேராக விழவைக்கும் சோதனையோடு தலையின் சுழற்சியை அளக்கும் சாய்தளச் சோதனையையும் கட்டாயமாக்க வேண்டும்.