தந்தி ஆபீஸிலிருந்து ஓவியப் பள்ளிக்கு



நம்ம கோவைக்குக் கடல் கிடையாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காத்துதான் மேற்கே ஒரு கடல் இருக்குன்னு ஞாபகப்படுத்தும். இந்த ஊரில் 1911-ல் பிறந்த ஒருவர் நீரையும் படகையும் வரைந்து பேர் வாங்கினார் என்பது, இங்கே படித்த நாலு வருஷத்தில் எனக்குத் தெரியாது. அவர்தான் கே.சி.எஸ். பணிக்கர்.

1872-ல் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தில் ஒரு விடியலை வரைந்தார் குளோட் மோனே. பனிமூட்டத்தில் பாய்மரங்கள், புகைபோக்கிகள், ஒரு சின்னப் படகு, சிவந்த சூரியன். 1874-ல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் கேலி செய்த விமர்சகரால்தான் 'இம்ப்ரெஷனிசம்' என்ற பெயரே நிலைத்தது. பொருளைவிட அதன்மேல் விழும் வெளிச்சம் முக்கியம் என்றது அந்தப் பாணி. பணிக்கரின் ஆரம்பகால நீர்வண்ண ஓவியங்களில், கேரளத்துக் கால்வாய்களிலும் தென்னைகளிலும் படகுகளிலும் அதே வெளிச்சத்தைப் பார்க்கலாம்.

நமக்கான பாடம் அவர் வாழ்க்கையில்தான் இருக்கிறது. குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குச் சேர்ந்தார். சும்மா சொல்லக்கூடாதுங்க, அன்றைக்கு அது அரசாங்கச் சம்பளம்! அதை உதறிவிட்டு, 1936-ல் தம் 25-ஆம் வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராக உட்கார்ந்தார். 1957-ல் அதே பள்ளிக்கு முதல்வரும் ஆனார்.

படித்து முடித்த மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைப்பது அவரை உறுத்தியது. கையால் பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, 1966-ல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். வயிற்றுக்குக் கைத்தொழில், மனசுக்கு ஓவியம். 1977-ல் அவர் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது.

எனக்கும் வரையப் பிடிக்கும். வேலை கிடைத்த வருஷம் மூடி வைத்த வர்ணப் பெட்டியைப் பத்து வருஷம் திறக்கவேயில்லை. நேரமில்லை என்பது நான் எனக்கே சொல்லிக்கொண்ட சாக்கு.

தம்பி, தங்கைகளே, வேலையை விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பெட்டியை மூடாதீர்கள், அவ்வளவுதான். அடுத்த சந்திப்பில் நாம் வரைந்ததை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி நடத்தலாமே? என் பங்குக்கு ரெண்டு படம் கொண்டு வர்றேன். நல்லா இல்லேன்னா தாராளமாகச் சிரிங்க. மோனேயைப் பார்த்தும் சிரிச்சாங்க!