இரண்டு டிக்

தேசிய குடற்புழு நீக்க நாள் 2015இல் தொடங்கியது. அப்புறம் ஒரு பிப்ரவரியில், ஆசிரியையான என் அம்மா, உடம்பு சுட்ட ஒரு பையனுக்கு அல்பெண்டசோல் தர மறுத்துவிட்டார். "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் இல்ல?" என்று அழுதானாம். விதி அப்படி: காய்ச்சல் பிள்ளைக்குக் கூடாது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, கண்ணெதிரே மென்று முழுங்கணும்.

இவ்வளவு கெடுபிடியா என்றேன். பிறகுதான் தைமால் கதையைப் படித்தேன். 1909இல் அமெரிக்கத் தென்மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கக் கிளம்பிய ராக்ஃபெல்லர் ஆணையத்தின் மருந்து அது. நம்ம ஓமத்துக்கு வாசனை தரும் அதே பொருள். எண்ணெயோ சாராயமோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். அல்பெண்டசோல் எவ்வளவோ சாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்குவதுதான் பயம்.

விடுபட்டவர்களுக்கான நாளில் பையன் மென்றான். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே அம்மா இரண்டு டிக் போட்டார். மற்றவர்களுக்கு ஒன்றுதான்.