காக்கப்பட்டது யாருடைய நேரம்?

இணையத்தின் தொழில்நுட்ப உதவிக் குழுக்களில் சந்தேகம் கேட்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். பழைய கேள்வி என்று மூடிவிடுவார்கள். கையேட்டைப் படித்துவிட்டு வா என்பார்கள். இதை அங்கே இருப்பவர்களின் தலைக்கனம் என்று பேசுவது வழக்கம். தலைக்கனம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் மட்டுறுத்தல் விதிகளை வரிசையாகப் பார்த்தால் வேறொன்றும் புலப்படுகிறது. அவை முதலில் பதில் சொல்பவரைக் காத்தன; பிறகு பின்னாளில் தேடி வரப்போகும் வாசகரைக் காத்தன. கேட்டவர் இரண்டு கட்டத்திலும் மூன்றாம் ஆள்தான்.

தொடக்கம் யூஸ்நெட் என்ற கலந்துரையாடல் குழுக்களின் வலை. அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 1979இல் திட்டமிட்டு, 1980இல் புழக்கத்துக்கு வந்தது அது. யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசி வழியே ஒன்றையொன்று அழைத்துச் செய்திகளைக் கைமாற்றிக்கொண்டன. ஒருவர் எழுதியது குழுவைப் பெறும் ஒவ்வொரு கணினிக்கும் நகலாகப் போகும். தொலைபேசிக் கட்டணமும் வட்டில் பிடிக்கும் இடமும் அந்தந்த நிறுவனத்தின் தலையில். லாரி வால் 1984இல் வெளியிட்ட ஆர்என் என்ற செய்தி வாசிப்பு மென்பொருள், எதையும் அனுப்புமுன், இது ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகும், நூற்றுக்கணக்கில் டாலர் செலவு வைக்கும், நிச்சயமாக அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்கும். கேட்ட கேள்வியையே கேட்பது அன்று வெறும் நாகரிகக் குறைவு அல்ல, அடுத்தவர் பணம்.

மட்டுறுத்தப்பட்ட குழுக்கள் 1980களின் நடுவில் தோன்றின. எழுதியது முதலில் மட்டுறுத்துநருக்கு மின்னஞ்சலாகப் போகும். அவர் ஒப்புதல் வரி சேர்த்தால்தான் குழுவுக்கு வரும். அந்த வரியை யார் வேண்டுமானாலும் போலியாகச் சேர்த்துவிடலாம் என்பது வேடிக்கை. அதைவிட வலுவான கருவியாக அமைந்தது, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளின் தொகுப்பு. சி மொழிக் குழுவுக்காக ஸ்டீவ் சம்மிட் 1990 முதல் பராமரித்த தொகுப்பு பின்னர் அச்சு நூலாகவே வந்தது. அந்த மொழியில் புதியவர்களைக் குழப்பும் வெற்றுச் சுட்டி பற்றி யாராவது கேட்டால் பதில் எழுத வேண்டியதில்லை. தொகுப்பில் அந்தக் கேள்வியின் எண்ணைச் சொன்னால் போதும். பதில் தெரிந்தவர்கள் சிலரே என்பதால் அவர்களுடைய சலிப்பைக் குறைப்பதே தரத்தைக் காக்கும் வழியாக இருந்தது.

அந்த ஏற்பாடு எண்ணிக்கையில் தோற்றது. ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய கல்லூரி மாணவர்கள் வந்து குழப்புவதும், ஓரிரு மாதத்தில் பழகிவிடுவதும் யூஸ்நெட்டின் வழக்கம். 1993-94இல் ஏஓஎல் போன்ற இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் செப்டம்பர் முடியவே இல்லை. நிரலாளர் எரிக் ரேமண்ட் 2001இல் வெளியிட்ட, கேள்வி கேட்கும் முறை பற்றிய வழிகாட்டி அந்தச் சலிப்பின் முதிர்ந்த வடிவம்: கேட்பவருக்கு நீண்ட பாடம், பதில் சொல்பவருக்கு மிகச் சிறிய பகுதி.

திருப்பம் 2008 செப்டம்பரில் வந்தது. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி இருவரும் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, கேள்வி-பதிலை உரையாடலாக நடத்தாமல், கூகுளில் தேடி வருபவருக்கான ஆவணமாக நடத்தியது. பதிலுக்கு ஒரு ஆதரவு வாக்கு விழுந்தால் எழுதியவருக்கு 10 புள்ளி. எதிர் வாக்கு விழுந்தால் 2 குறையும், அப்படி வாக்களித்தவருக்கும் 1 போகும். 2,000 புள்ளி சேர்ந்தால் பிறர் எழுதியதை நேரடியாகத் திருத்தலாம். 3,000 சேர்ந்தால் கேள்வியை மூட வாக்களிக்கலாம். மட்டுறுத்தும் அதிகாரம் இப்படிப் பல கைகளுக்குப் பகிரப்பட்டது. அதில் கேட்டவருக்கென்று இருந்த தனி உரிமை ஒன்றே: தனக்கு உதவிய பதிலுக்கு அவர் இடும் பச்சைக் குறி. குறி பெற்ற பதில் பொதுவாக முதலிடத்தில் நின்றது. காலாவதியான பதில்களும் அதே பலத்தில் உச்சியில் ஒட்டிக்கொண்டன. 2021இல் அந்த முதலிடச் சலுகை எடுக்கப்பட்டு, வாக்கு வரிசையே பொது வழக்கமானது.

வாக்கு எதை அளக்கிறது என்பதுதான் உண்மையான சிக்கல். பைட் எண்ணிக்கையை மனிதர் படிக்கும் வடிவில் காட்டும் ஜாவா நிரல்துண்டு ஒன்று 2010இல் பதிலாக எழுதப்பட்டு வாக்குகளை அள்ளியது. அத்தளத்திலிருந்து மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட ஜாவா துண்டு அதுவே என்று பின்னர் ஓர் ஆய்வு கண்டது. எழுதியவரே மீண்டும் சோதித்து, 2019இல் பிழையை வெளியிட்டார்: 999,999 பைட்டைக் கொடுத்தால் 1.0 எம்பி என்று வர வேண்டிய இடத்தில் 1000.0 கேபி என்று காட்டியது. எல்லைக்கு அருகில் முழுமையாக்கும்போது அலகு மாறத் தவறியிருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் வாக்களித்தவர்களும் நகலெடுத்தவர்களும் கவனிக்கவில்லை.

இது சிறு பிழை. 2017இல் வெளியான ஓர் ஆய்வு 13 லட்சம் ஆண்ட்ராய்டு செயலிகளை அலசியது. அவற்றில் 15.4 விழுக்காட்டில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பாதுகாப்பு சார்ந்த துண்டுகள் இருந்தன. அப்படிப்பட்ட செயலிகளில் 97.9 விழுக்காடு, பாதுகாப்பற்ற துண்டு ஒன்றையாவது கொண்டிருந்தன. இணைப்பின் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்காமல் எல்லாவற்றையும் நம்பச் சொல்லும் நிரலும் இவ்வகையைச் சேர்ந்ததே. பிழைச் செய்தி மறைந்துவிடும், கேட்டவர் நன்றி சொல்வார், வாக்கு விழும். நிரல் ஓடுகிறதா என்பதற்கு விழும் வாக்கு அது. சரியா என்பதைச் சொல்ல யாராவது உட்கார்ந்து படித்தாக வேண்டும். தளத்தின் தரத்தைத் தாங்கியது புள்ளி முறையைவிட, சம்பளமின்றித் திருத்தியும் நீக்கியும் வந்தவர்களின் உழைப்பே என்பது என் முடிவு.

புதியவர்களை வரவேற்கவில்லை என்று தளத்தை நடத்தும் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டு நடத்தை விதிகளைத் திருத்தியது. அதைவிடப் பெரிய மோதல் 2022 இறுதியில் வந்தது. சாட்ஜிபிடி வெளியாகி ஒரு வாரத்துக்குள், டிசம்பர் 5 அன்று, அதன் பதில்களை ஒட்டுவதற்குத் தடை வந்தது. சரியானது போலத் தோன்றும் பதிலை நொடியில் எழுதிவிடலாம். தவறைக் கண்டுபிடிக்கத் துறை தெரிந்தவர் நேரம் செலவழிக்க வேண்டும். அந்தக் கணக்கு மட்டுறுத்துநர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2023 மே மாத இறுதியில், இயந்திரம் எழுதியது என்ற சந்தேகத்தின் பேரில் நீக்குவதற்கு நிறுவனம் கடுமையான வரம்பு விதித்தது. கண்டறியும் கருவிகள் அப்பாவிகளையும் பிடிக்கின்றன என்ற நிறுவனத்தின் வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனாலும் ஜூன் 5 அன்று மட்டுறுத்துநர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆகஸ்டில்தான் உடன்பாடு ஏற்பட்டது. சம்பளமே வாங்காதவர்களின் வேலைநிறுத்தம் அது.

2024 மே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயுடன் நிறுவனம் ஒப்பந்தம் அறிவித்தபோது, சில பயனர்கள் எதிர்ப்பாகத் தங்கள் பழைய பதில்களை அழிக்கவும் சிதைக்கவும் முற்பட்டார்கள். பதில்கள் பொது உரிமத்தில் கொடுக்கப்பட்டவை. அவற்றைத் திரும்பப் பெற முடியாது. மட்டுறுத்துநர்கள் பழைய வடிவத்தை மீட்டு வைத்து, அழித்தவர்களின் கணக்குகளைத் தற்காலிகமாக முடக்கினார்கள். ஒரு காலத்தில் பதில் சொல்பவரின் நேரத்துக்குக் காவலாக எழுந்த அதிகாரம், இப்போது அவர் எழுதியதை அவரிடமிருந்தே காத்தது.